இடது பாதத்து மை

எங்கள் ஊரில் அச்சை மையோடு வைத்துவிட்டால், அதில் இருக்கும் உருவம் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் அச்சுகளைத் துடைத்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நான்தான். பெயர் தெய்வாத்தாள். சந்தைக்குப் பின்னால், மாவு மில்லை ஒட்டின வீடு. பலகை எதுவும் மாட்டவில்லை. தேவைப்படுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

அச்சு என்றால் ஆபீஸ்களில் குத்துகிற சீல் இல்லை. அது அவர்கள் பாடு. நான் சொல்வது வாழ்த்து அட்டையிலும் கல்யாணக் கவரிலும் பிள்ளைகளின் நோட்டிலும் வைக்கிற அச்சு. கைப்பிடி மரம், முகம் ரப்பர். பூ இருக்கும், கிளி இருக்கும், மேகம் இருக்கும். மேக அச்சைத் துடைக்காமல் விட்ட ஒரு வீட்டில் ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் கூடத்தில் மட்டும் தூறல். அவர்களும் குடையை விரித்து வைத்துக்கொண்டு டிவி பார்த்தார்கள். மாசியில் ஒரு விசேஷம் வந்தபிறகுதான் அச்சை என்னிடம் கொண்டுவந்தார்கள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

துடைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பழைய வேட்டித் துணி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய டூத் பிரஷ். எண்ணெய் மை என்றால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். அச்சைத் துணிமேல் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக் கூடாது. இடுக்கில் நிற்கும் மையைப் பிரஷால் வட்டமாக எடுக்கவேண்டும். கடைசியில் வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்தால் ஒன்றும் விழக்கூடாது. விழவில்லையென்றால் வீடு காலி. ரப்பரில் நீலமாகவோ சிவப்பாகவோ கறை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கறை வேறு, மை வேறு. இதைச் சொன்னால் சில பேருக்குப் புரிவதில்லை, மொத்த அச்சையும் ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டுவிட்டு, மரமும் ரப்பரும் தனித்தனியாகப் பிரிந்தபிறகு ஓடிவருவார்கள். அவர்களை நான் திட்டித்தான் அனுப்புவேன்.

இன்னொன்று. மை ஒன்பது நாளைக்குத்தான் துடைத்தால் போகும் மை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள், எங்கள் ஊர் மை ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் பொழுது சாய்ந்தால் ரப்பருக்குள் இறங்கிவிடும். அப்புறம் யார் துடைத்தாலும் போகாது. உருவமும் போகாது. மேகத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை, ஈரம் காயாது என்பதால்.

என் வீட்டிலும் ஒரு பூனை அச்சு துடைக்காமல் இருக்கிறது. அது என் சொந்த விஷயம்.

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் அமிர்தகௌரி டீச்சர். அவர் மயில் அச்சை நாலு நாளாகத் துடைக்கவில்லை. மயில் பீரோமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தாலும் தோகையை விரித்துவிடுகிறதாம், துணி எடுக்க முடியவில்லை என்றார். நீல மை, சுலபமாகப் போய்விட்டது. அடுத்தது நர்சரிப் பள்ளியிலிருந்து ஒரு ரயில். தினமும் சரியாக நாலு பத்துக்கு எல்.கே.ஜி. வகுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ரயில். நாலு பத்து வரைக்கும் யார் சொன்னாலும் கிளம்பாது. நாலு பத்து ஆனால் யார் சொன்னாலும் நிற்காது. கறுப்பு மை, கொஞ்சம் அழுத்தம். அதையும் எடுத்தேன்.

மூன்றாவதாக மயில்சாமி வந்தார். காற்றாலையில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர், உயரமானவர், அதிகம் பேசமாட்டார். கைக்குட்டையில் சுற்றி ஒரு சின்ன அச்சை நீட்டினார். குழந்தைப் பாதம். வெள்ளை மை.

எங்கள் ஊரில் கிருஷ்ணர் பாதம் வைப்பதற்குக் கையை மடக்கி மாவில் தோய்த்துத் தரையில் வைத்து, விரலால் ஐந்து பொட்டு வைப்பார்கள். அச்சில் வைத்தது அந்த வருஷம் மயில்சாமியின் மனைவி கோகிலவாணி மட்டும்தான். அவள் வீட்டிலிருந்தபடி வாழ்த்து அட்டை செய்து கொடுக்கிறவள். பாதத்தையும் அவளே ரப்பரில் செதுக்கியிருந்தாள். சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். கத்தி வழுக்கியிருக்கவேண்டும்.

துடைத்தேன். தாளில் குத்திப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. மயில்சாமி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பாதம் என்றால் ஜோடியாகத்தானே இருக்கும்? இன்னொன்று எங்கே என்று நான் கேட்டிருக்கவேண்டும். இருபது வருஷமாக இதே தொழில். அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

கோகுலாஷ்டமியிலிருந்து ஒன்பதாம் நாள் மத்தியானம் கோகிலவாணி வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்க்கா, எங்க மாமா கொண்டாந்தது எடது காலுங்க. சோத்துக்கால் சாமி ரூம்ல வெளக்குக்குப் பின்னால உருண்டு கெடந்திருக்குது. அவரு பாக்குலீங்க. நீங்களாச்சும் கேக்கப்படாதுங்களா?"

"என் தப்புதான் அம்மிணி. இப்ப என்ன ஆச்சு, சொல்லு."

"என்ன ஆகும்? ஒத்தக்கால்ல நொண்டியடிக்குதுங்க."

வலது பாதம் மட்டும் அவள் வீட்டில் இருந்தது. வாசலில் தோன்றி, கூடத்தைத் தாண்டி, சாமி ரூம் வரைக்கும் நொண்டிக்கொண்டே போகும். போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் வாசலில் இருக்கும். கிருஷ்ணர் பாதத்தை உள்ளே வருகிற மாதிரிதான் வைப்போம், வெளியே போகிற மாதிரி யாரும் வைப்பதில்லை. அதனால் அதற்கு உள்ளே வர மட்டும்தான் தெரியும். இரண்டு கால் இருந்தால் வந்துகொண்டே இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. ஒற்றைக் காலுக்குச் சிரமம்தான். மத்தியானம் ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே, குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்கி உட்கார்ந்துவிடுகிறது என்றாள்.

"வெண்ணெ வெச்சனுங்க."

"அதுக்கேது வாய்?"

"வாயில்லீங்கறதுக்காக வெக்காம இருக்க முடியுங்களா?" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் புதிதாக மை கலந்து இடது அச்சை மறுபடியும் வாசலில் வைத்திருக்கிறாள். ஒரு இடது கால் வந்திருக்கிறது. ஆனால் வேறு மை என்றால் வேறு ஆள். அது யாரோ அவசரக்காரக் குழந்தையின் கால். வலதை ஒரு பக்கம் விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு விறுவிறுவென்று போயிருக்கிறது, வழியில் இரண்டு முறை வலதின்மேல் மிதித்தும்விட்டது. அவளே அதைத் துடைத்துவிட்டாள். முதலில் கலந்த மை கண்திட்டமாகக் கலந்தது, வெள்ளை மையில் கொஞ்சம் அரிசிமாவுத் தண்ணீர். எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. தானாக வந்துவிடும் என்று மிச்ச நாளெல்லாம் காத்திருந்திருக்கிறாள். இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் வலது காலின் மை இறங்கிவிடும். அப்புறம் அது காலத்துக்கும் நொண்டவேண்டியதுதான்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சோத்துக்காலையும் தொடச்சுப்போடலாம்கறாருங்க. அது படற பாட்டைப் பாக்க முடியலையாம். ராத்திரி எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கறாரு. அவரச் சொல்லியும் குத்தமில்லீங்க. ஆனா அக்கா, பன்னெண்டு வருசமா எங்க வாசல்ல ரெண்டு சோடிச் செருப்புதான் கெடக்குது. எனக்குத் தொடைக்க மனசு வல்லீங்க."

எழுந்துபோய்த் துணியை எடுத்துவந்தேன்.

என் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் துடைக்கிற துணி நீளமான ஒரே துணி. ஒரு நாளைக்கு ஒரு சாண். அன்றைய வேலை முடிந்ததும் அந்தச் சாணை முடிச்சுப் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில்தான் அலசுவேன். துணியில் ஏறின மைக்கு உருவம் கிடையாது, அதனால் அது எங்கேயும் இறங்கி நடக்காது. இருந்தாலும் முடிச்சுப் போட்டு வைப்பது நல்லது.

பின்னாலிருந்து எண்ணினேன். ஏழாவது முடிச்சு, மயில்சாமி வந்த அன்றைக்குப் போட்டது. பூனை அதன்மேல்தான் படுத்திருந்தது, தள்ளிவிட்டேன். அவிழ்த்தால் ஒரு ஓரத்தில் மயில் நீலம், ஒரு ஓரத்தில் ரயில் கறுப்பு, நடுவில் வெள்ளை. நடுவில் என்று சொன்னாலும் மூன்றும் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்துதான் இருந்தன. துணி என்ன, சுவர் வைத்தா தடுக்கும்?

"அம்மிணி, இது சுத்தமான மை இல்லை. டீச்சர் வீட்டு மயிலும் நர்சரி ரயிலும் இதுல கொஞ்சம் சேர்ந்திருக்கு. ஒரு தரம் குத்தத்தான் காணும். கோணலாப் போனா அவ்வளவுதான், மறுபடி மை கிடையாது. விரல் வெளியே பார்த்த மாதிரி விழுந்தா, வெளியே போய்ச்சேரும். அதையும் தெரிஞ்சுக்கோ."

"பரவால்லீங்க்கா. பெத்தா மட்டும் சுத்தமாவா வருது? எங்க பெரியப்பன் பையன் அப்படியே பக்கத்து ஊட்டு மாட்டாசுபத்திரி டாக்டர் மாதிரிதான் இருக்கான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பாக இருக்கும்.

மயில்சாமிக்குப் போன் போட்டாள். அவர் காற்றாலை உச்சியில் இருந்தார். இறங்கி வர நேரமாகும் என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவர் விஷயத்தில் அது உண்மை.

நாங்கள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. வலது பாதம் கூடத்தின் நடுவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை நீளம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெண்ணெய். என்னைப் பார்த்ததும் விரல்களை மடக்கிக்கொண்டது. நான் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தப்புச் செய்தவள் நான்தானே, மடக்கட்டும்.

வாசற்படியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். துடைப்பதற்கு நேர் எதிரான வேலை. இருபது வருஷத்தில் ஒரு தரம்கூடச் செய்ததில்லை. துணியின் வெள்ளைப் பகுதியில் மூன்று சொட்டு வெந்நீர் விட்டு, மை இளகும் வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு இடது அச்சை அதன்மேல் வைத்து மெல்ல ஒற்றினேன். எடுத்துப் பார்த்தால் குதிகாலில் மை ஏறியிருந்தது, விரல்களில் ஏறவில்லை. இன்னொரு தரம். நாலு விரல் வந்துவிட்டது. கோணல் சுண்டுவிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு வேண்டிய வெள்ளை துணியில் தீர்ந்துவிட்டது, நீலமும் கறுப்பும் கலந்த ஓரம்தான் மிச்சம். கோகிலவாணியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். அந்த ஓரத்தில் சுண்டுவிரலை ஒற்றினேன்.

மயில்சாமி வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. காற்றாலை ஹெல்மெட்.

"நீங்களே வெச்சுருங்க அக்கா" என்றாள் கோகிலவாணி. என்னுடையது துடைக்கிற கை, வைக்கிற கை இல்லை. அவளிடம் நீட்டினேன், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குடுங்க்கா" என்றார் மயில்சாமி. "தொடைக்கக் கொண்டாந்தது நான்தானுங்க. வெரல் எந்தப் பக்கமுங்க?"

"உள்பக்கம் தம்பி. உள்பக்கம் பார்த்து."

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். நூற்றிருபது அடி உயரத்தில் காற்றடிக்கும்போது போல்ட் முடுக்குகிற கை. ஆடவில்லை. வாசற்படிக்கு உள்ளே, ஒரு தரம், நேராக வைத்து எடுத்தார்.

பாதம் விழுந்தது. வெள்ளைதான், வெயிலில் பார்த்தால் கொஞ்சம் நீலம் ஓடியது. சுண்டுவிரல் மட்டும் சாம்பல் நிறம். அது தரையிலிருந்து எழுந்து நின்றது.

நின்றதோடு சரி, நகரவில்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்த வலது விரல்களை விரித்துப் பார்த்தது. எழுந்து நொண்டி நொண்டிச் சாமி ரூமுக்குப் போய், மறுபடியும் வாசலில் வந்து, இடதுக்குப் பக்கத்தில் நின்றது. அதை ஒரு தரம் இடித்தது. இடது அசையவில்லை. வலது ஒரு எட்டு முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தது. அப்போதும் அசையவில்லை.

"வேற ஆளுங்களா அக்கா?" என்றாள் கோகிலவாணி. "அதே மைதானுங்க? அப்புறம் ஏனுங்க நகரல?"

அட கெரகமே, இதையும் கெடுத்துவிட்டேனா என்று நினைத்தேன். மயில்சாமி இரண்டு பாதத்துக்கும் பக்கத்தில் தன் பெரிய காலை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மறைக்கவும் இல்லை.

"மாமா, சோத்துக்காலையும் தொடச்சுரலாங்க" என்றாள் அவள். "நீங்க சொன்னதுதான் சரி. அது பாவம்."

அவர் சாமி ரூமுக்குப் போய் வலது அச்சை எடுத்துவந்தார். என்னிடம் நீட்டினார். நான் துணியில் சுத்தமான ஒரு சாணைப் பிரித்தேன். வெந்நீர் இன்னும் ஆறவில்லை. அச்சை ஒற்றப்போகிற நேரத்தில் எதற்கோ நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு எட்டு.

"இருங்க" என்றேன். "ரெண்டு நிமிஷம் பொறுங்க. அதுல ரயில் கலந்திருக்கு."

பொறுத்தோம். அந்த வீட்டு ஃபேன் டக் டக்கென்று ஒரு சத்தம் போடும், அது மட்டும் கேட்டது. கோகிலவாணி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது. கடிகாரத்தில் பெரிய முள் இரண்டின்மேல் வந்தது. இடது பாதம் சின்னதாக ஒரு விசில் அடித்துவிட்டு, கிளம்பியது.

வலது ஒரு எட்டு, இடது ஒரு எட்டு. கூடத்தைத் தாண்டிச் சாமி ரூமுக்குப் போய், மறுபடியும் வாசலில் வந்து, மறுபடியும் உள்ளே. மயில்சாமி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி அழுதாள், சத்தமாகவே அழுதாள். அழட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் காபி வைத்தேன். காபி குடித்துவிட்டு, பாதங்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு அச்சையும் வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. மை ரப்பருக்குள் இறங்கிவிட்டது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பாதங்கள் காலையில் எழுந்தாலும் நாலு பத்துக்குத்தான் நடக்க ஆரம்பிக்கும், அதுவரைக்கும் விளையாட்டுதான். மேகம் கூடினால் இடது மட்டும் ஆடும், வலது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். மயில்சாமி வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே போகமாட்டார். வாசலில் நிற்பார். பாதங்கள் வாசலில் வந்ததும் அவற்றோடு சேர்ந்து உள்ளே போவார். சில நாள் ஏழெட்டு முறை போவார். வாசலில் இப்போது மூன்று ஜோடிச் செருப்பு இருக்கிறது. நான் யார் அச்சைக் கொண்டுவந்தாலும் முதலில் ஜோடி எங்கே என்றுதான் கேட்கிறேன். கிளி அச்சைக் கொண்டுவந்தவரிடம்கூடக் கேட்டேன். கோபித்துக்கொண்டார். போனால் போகட்டும்.

போன வாரம் கோகிலவாணி வந்தாள். கால்கள் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டனவாம். இரண்டிலும் கொலுசு போட்டுப் பார்த்திருக்கிறாள், நன்றாக இருக்கிறதாம். பாவாடையா டவுசரா என்று தெரிய இன்னும் கொஞ்சம் வளரவேண்டும். அதனால் இரண்டுக்கும் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

"டெய்லர் இடுப்பளவு கேக்கறாருங்க்கா" என்றாள்.

"தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றேன். "அளவு வரும், இருக்கச் சொல்லு."